பக்கத்துக்கு மூணு மில்லி

கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கடை வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. அதில் இருக்கும் பெயரைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்துப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவதைத் தவிர யாரும் வேறொன்றும் செய்ய மாட்டார்கள். "மூணு மில்லி கடை எது?" என்று கேட்டால் போதும், மூன்று பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடியை இறுக்கிப் பொருத்தினால் அது ஒருநாள் விரிசல் விட்டே தீரும். அதனால் சட்டத்தின் அளவு எதுவோ, அதில் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் குறைத்துத்தான் கண்ணாடியை வெட்டுவார்கள். மிஞ்சும் இடைவெளியை ரப்பர் பீடிங் பிடித்துக்கொள்ளும். இதை மனிதர் வாய் ஓயாமல் சொல்வார். சட்டை தைக்கக் கொடுக்கும்போதுகூட, "பக்கத்துக்கு மூணு மில்லி விட்டுத் தைங்க" என்பார். தையல்காரர் ஒருநாள் கடுப்பாகி, "அண்ணே, உங்க தொப்பைக்கு மூணு மில்லி எந்த மூலைக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய கல்யாணத்துக்கே காரணம் அந்த மூணு மில்லிதான் என்றால் நம்புவீர்களா? அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு பெண் அளவெடுக்கும் வேலையில் இருந்தாள். புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஜன்னல். அவள் அளந்தாள். அளந்ததோடு விட்டாளா? கெட்டிக்காரத்தனமாகப் பக்கத்துக்கு மூன்று மில்லி குறைத்துச் சீட்டில் எழுதினாள். சீட்டு இவர் கைக்கு வந்தது. இவரும் தன் பங்குக்குப் பக்கத்துக்கு மூன்று மில்லி குறைத்து வெட்டினார். நாற்பது கண்ணாடியும் சட்டத்துக்குள் ஆட்டம் கண்டன. காற்றடித்தால் பள்ளிக்கூடமே குளிரில் பல்லடிப்பதுபோல் கடகடவென்றது. தலைமை ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டு வராந்தாவில் நிறுத்தினார்.

"அளக்கிறவங்க எதுக்குக் குறைக்கணும்? வெட்டுறதுக்கு நான் இருக்கேன்ல?" என்றார் இவர்.

"உங்களுக்குக் குறைக்கத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? முகத்துல எழுதி ஒட்டியிருக்கா?" என்றாள் அவள்.

வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை. கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். அளக்கிறவர் அளந்ததை அப்படியே எழுத வேண்டும், வெட்டுகிறவர்தான் குறைக்க வேண்டும். நாற்பது கண்ணாடியும் புதிதாக வெட்டிப் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே இரண்டு வாயும் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லின.

அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம். கீழே கடை, மேலே வீடு. அவள் அளந்து முழுசாக எழுதுவாள், அவர் குறைத்து வெட்டுவார். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஒரு பிக்கப் வாங்கினார்கள். பின்பக்கத்தில் கூடாரம்போல் ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தி, பழைய கம்பளியைச் சுற்றி, அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டுவார்கள். ஓட்டுநர் அறையின் முதுகில் ஒரு சின்னத் தள்ளு ஜன்னல் உண்டு. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாக அதைத் திறந்து, ஒரு கையைப் பின்னால் விட்டு, உள்ளங்கையை அந்தச் சட்டத்தின் மேல் வைத்துக்கொள்வாள்.

அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். கண்ணாடி லேசாக அதிர ஆரம்பித்தால், "பேசுது" என்பாள். அவர் காலைத் தளர்த்துவார். "கத்துது" என்றால் வண்டி நத்தையாகிவிடும். "சும்மா இருக்கு" என்றால் மட்டும் கொஞ்சம் மிதிக்கலாம். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே செத்துப்போவான், இவர் கண்டுகொள்ள மாட்டார். வண்டியில் வேகம் காட்டும் முள் என்று ஒன்று இருந்ததையே அவர் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவள் வாய்தான் அவருக்கு முள். நடுவில் மகள் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வழி நெடுக ஜன்னல்கள் வரும், மனைவி மறு கையால் காட்டிக்கொண்டே வருவாள்: "அது நம்மது. அதோ, மாடியில இருக்கிறதும் நம்மது." மகள் எண்ணுவாள். ஒரு தடவை இருநூற்றுப் பதினாறு வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனாள்.

மகள் தூங்குவாள், அம்மா தூங்க மாட்டாள். மத்தியான வெயிலில் கண் சொருகும்போதுகூட இமையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கொஞ்சம் கண்ணை மூடேன்" என்பார் அவர். "நான் கண்ணை மூடினா அது வாயைத் திறந்துடும்" என்பாள். அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் ஒரு நிமிஷம்கூடத் தூங்கினதில்லை. நினைத்துப் பார்த்தால் அதுதான் அவர்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று அவருக்குத் தோன்றும். அப்போது அது தெரியவில்லை. கண்ணாடி உடையாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

போன வருஷம் அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. "உட்காரலாம், நடக்கலாம், குனிஞ்சு நிமிரலாம். குலுக்கல் மட்டும் ஆகவே ஆகாது" என்றார் டாக்டர். வண்டியோ, பள்ளத்தில் விழுந்து எழுந்து நான்கு வீலில் இரண்டு கோணிப்போய்க் கிடந்தது. ஐம்பதைத் தொட்டால் ஸ்டியரிங் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். மூன்றாவது மாதம் ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது தெரு முனை வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் வண்டியைத் திருப்பினார். அவள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறிப் போனபிறகும் அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தச் சீட்டில் அளக்கும் டேப்பும் ஃபிளாஸ்க்கும் உட்கார ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வேறு பேட்டையில் இருக்கிறாள், அலுவலக வேலை, அம்மாவின் வாய். "வண்டியை வித்துடுங்கப்பா. வாடகை வண்டி வெச்சு டெலிவரி பண்ணிக்கலாம். ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றாள்.

"வீலை மாத்திட்டா சரியாப் போயிடும்."

"அம்மாவுக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒரே ஒரு தடவை. அம்மா ஏறி உக்காந்து, ஒரு டெலிவரி முடிச்சு, முகம் சுளிக்காம இறங்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். சுளிச்சாங்கன்னா வண்டியைக் குடுத்துடணும்."

மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அந்த மாடலுக்கு வண்டிக் கம்பெனி வீல் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் தேடினதில் கிடைத்தது இவருடையதைவிடக் கோணல். வேறு கம்பெனி வீல்தான் போட்டாக வேண்டும். அதற்கென்றே கடை வைத்திருந்தார் ஒரு அம்மா. எல்லோருக்கும் வீல்காரம்மா. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"ஆறு போல்ட் ஓட்டை இருந்தா எந்த வீலும் சேரும்னு நினைச்சு வர்றாங்க அண்ணே" என்றார். "ஓட்டைக்கு ஓட்டை தூரம் சரியா இருக்கணும். வண்டி தூக்கிற பாரத்தை வீலும் தூக்கணும். எல்லாத்துக்கும் மேல நடு ஓட்டை. நட்டு வீலைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அதை நடுவுல நிறுத்துறது அச்சு முனையில இருக்கிற இந்த இரும்புக் குடம், ஹப்பு. நடு ஓட்டை ஹப்புல கச்சிதமா உக்காரலைன்னா வீல் மயிரிழை தள்ளி நின்னு சுத்தும். புது வீலு போட்டும் பழைய நடுக்கம்தான்."

ஓட்டைத் தூரத்தை அங்கேயே கருவி வைத்துப் பார்த்துவிட்டார். ஹப்பை அளக்க வீலைக் கழற்ற வேண்டும். லிஃப்டிலோ வேறொரு கார் வயிற்றைத் திறந்துகொண்டு தொங்கியது. "நாளைக்கு வாங்க அண்ணே, நானே அளந்துக்கறேன்" என்றார் வீல்காரம்மா.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அளக்கிறதுக்கு என்னை நாளைக்கு வரச் சொல்றீங்களா? முப்பத்தொரு வருஷமா நான் என்ன பண்றேன்? சாயங்காலம் போன்ல சொல்றேன்" என்றார். போகிற போக்கில் சுவரில் மாட்டியிருந்த ஒரு வீல் கண்ணில் பட்டது. கறுப்பு, நல்ல அகலம். "அது வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். லோடு ஏத்தித் திருப்பினா மட்கார்டுல உரசும்" என்று வீல்காரம்மா எச்சரித்தார். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அறுபதை நெருங்குகிற வயசில் ஆசை பாருங்கள்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, காலிப்பர் அளவுகோலை வைத்து ஹப்பை அளந்து, நோட்டில் எழுதி, போனில் சொன்னார்: "நூறு மில்லி."

நான்காம் நாள் அவர் ஆசைப்பட்ட கறுப்பு வீலே அந்த அளவில் கடைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ஆட்கள் தூக்கி ஹப்பில் வைத்தார்கள். போகவில்லை. திருப்பி வைத்துத் தட்டினார்கள். அப்போதும் போகவில்லை. வீல்காரம்மா தானே காலிப்பரை எடுத்து ஹப்பை அளந்தார்.

"அண்ணே, இது நூத்தாறு."

"நூறுதாம்மா. எழுதியே வெச்சிருக்கேன்" என்று நோட்டைப் பிரித்தார். நூறு என்றுதான் எழுதியிருந்தது. தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நூற்றாறில், பக்கத்துக்கு மூணு மில்லி போக, நூறு. இரும்பு ஹப்பை ஜன்னல் என்று நினைத்துக் குறைத்திருக்கிறது கை.

விஷயம் தெரிந்ததும் கடையே சிரித்தது. வீல்காரம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"கடைசல் பட்டறையில குடுத்து ஆறு மில்லி குடைஞ்சுட்டா?" என்று மெல்லக் கேட்டார் இவர்.

"குடையலாம். அப்புறம் என்னிக்காவது அது விரிசல் விட்டா, பக்கத்துச் சீட்டுல அண்ணிதான் இருப்பாங்க" என்றார் வீல்காரம்மா. "விடுங்க, டயர் மாட்டாத வீல்தானே, நான் திருப்பி அனுப்பிக்கறேன். நீங்க இன்னொரு தடவை அளந்துட்டு வாங்க. இந்தத் தடவை அண்ணியைக் கேட்டு எழுதுங்க."

வீட்டில் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கத்தான் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, அந்த நோட்டைக் குடுங்க" என்றாள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றுபோனது.

"பேக்கரி முன் ஜன்னல் ஆயிரத்து இருநூறு. நானே ரெண்டு தடவை அளந்திருக்கேன். நீங்க ஆயிரத்து நூத்துத் தொண்ணூத்துநாலுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. குறைச்சு எழுதியிருக்கேன்."

"எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருக்கு."

"நானே அளந்து நானேதானே வெட்டுறேன். அதான் அங்கயே குறைச்சு எழுதிடறது."

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அளந்ததை அப்படியே எழுதணும்னு ஒரு பள்ளிக்கூடத்தையே கூட்டிச் சண்டை போட்ட ஆளு நீங்க. அப்ப, நான் இனிமே வரவே மாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்க."

எந்தத் தேதியிலிருந்து அப்படி எழுத ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மாடி ஏறிய நாளுக்கு மறுநாள்.

"கை முடிவு பண்ணிடுச்சு" என்றார். "நான் பண்ணலை."

"அந்தக் கைக்கு நான் சொல்லிக்கறேன். கீழ வாங்க."

கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தாள். அவர் ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளே காலிப்பரைப் பிடித்தாள். "நூத்தாறு" என்றாள். அவர் எழுதினார். "காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தாள். நூற்றாறு என்றே இருந்தது.

மறுநாள் முதுகுக்கு ஒரு தலையணையோடு டாக்ஸியில் அவளும் வீல் கடைக்கு வந்தாள். போனதும் முதல் வேலையாக அந்தக் கறுப்பு வீலைப் பார்த்து, "இது வண்டிக்கா, உங்க மீசைக்கா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீல்காரம்மா வேறொன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அலட்டல் இல்லாத வெள்ளி நிறம். பழைய வீலின் அதே அகலம், வெளியே துருத்தாமல் பழையது நின்ற இடத்திலேயே நிற்கும். பின்பக்கத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருந்தது. மனைவி அதை நிமிர்த்தச் சொல்லி, தன் கண்ணாலேயே படித்துப் பார்த்தாள். கண்ணாடி, சட்டம், ஆள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டும் மிச்சம் இருந்தது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் வீல்காரம்மா. "இதுல நடு ஓட்டை நூத்துப் பன்னெண்டு."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "ஹப்பு நூத்தாறு. பக்கத்துக்கு மூணு மில்லி இடைவெளி. ஆடுமேம்மா."

வீல்காரம்மா ஒரு டப்பாவைத் திறந்து வளையல் மாதிரி ஒரு வளையத்தை எடுத்தார். வெளிவட்டம் வீலின் ஓட்டைக்கு, உள்வட்டம் வண்டியின் ஹப்புக்கு. மனைவி அதை வாங்கித் தானே ஓட்டையில் வைத்து அழுத்தினாள். டப்பென்று உட்கார்ந்தது. விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, இது நம்ம பீடிங்."

முப்பத்தொரு வருஷமாக விட்ட இடைவெளியும் அதை அடைத்த ரப்பரும் அந்தக் கடையில் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது அவருக்கு. இப்போது அவர் சிரித்தார். ஒரு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

நான்கு வீலும் மாட்டி, இந்த வீலுக்கென்று வந்த நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கினார்கள். கிளம்பலாம் என்றார்கள் ஆட்கள். "காலி வண்டியில பாத்து என்ன பிரயோஜனம்?" என்றாள் மனைவி. கடையில் கிடந்த பழைய டயரையெல்லாம் பின்னால் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி நிற்கவைத்து, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுசும் அந்தப் பக்கம் முழுசும் ஒடிக்கச் சொன்னாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நான்கு பெரிய கண்ணாடிகள், ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்கு. மகள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீட்டிலிருந்த டேப்பையும் ஃபிளாஸ்க்கையும் அவர் எடுத்து ஓரமாக வைத்தார். மனைவி ஏறி உட்கார்ந்து, தள்ளு ஜன்னலைத் திறந்து, கையைப் பின்னால் விட்டாள்.

முப்பது. நாற்பது. இந்த ஒரு தடவை முள்ளைப் பார்த்து ஓட்டினார். ஐம்பது. ஸ்டியரிங் சாதுவாக இருந்தது. அது போதாது, அவள் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

வலிக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், வண்டி போய்விடக் கூடாதே என்று சொல்லாமல் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார்.

கை பின்னால் சட்டத்தின் மேல் இருந்தது. தலை கதவோரம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கிளம்பினார். திரும்ப வேண்டிய தெரு வந்தது. அது குண்டும் குழியுமான தெரு. திரும்பாமல் நேரே போனார். நல்ல சாலையாகப் பார்த்துப் பார்த்து ஊரைச் சுற்றினார். பேக்கரி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. "அது நம்மது" என்றார் தனக்குள். "அந்த நாப்பதும் நம்மது."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகள். ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, இறங்கி நின்று பேசினார்.

"என்னப்பா ஆச்சு? அந்த வீட்டுல இருந்து போன் வந்துடுச்சு, இன்னும் கண்ணாடி வரலைன்னு. அம்மா முகம் சுளிச்சாங்களா?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"முகம் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. நீ மெதுவாப் பேசு. தூங்குறா."

நடுச் சீட்டில் உட்கார்ந்து இருநூற்றுப் பதினாறு வரை எண்ணியவள் அவள்.

"வண்டியிலயா?" என்று கேட்டாள். "அம்மாவா?"

"ம்."

"சரிப்பா." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "எழுப்பிடாதீங்க. அந்த வீட்டுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

அவர் திரும்ப ஏறி உட்கார்ந்தார். பின்னால் நான்கு கண்ணாடியும் வாயைத் திறக்கவில்லை. வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. நோட்டை எடுத்தார். நாளைக்கு இரண்டு ஜன்னல் அளக்கப் போக வேண்டியிருந்தது. புதுப் பக்கத்தைப் பிரித்து விலாசத்தை எழுதினார், கீழே 'அளவு' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் அவள் எழுதுவதற்கு இடம் விட்டு நோட்டை மூடினார்.